சாங்கி விமான நிலையத்தில் கடைசி நேரம்: விமானம் ஏறும் முன் ஊருக்கு என்ன வாங்கலாம், எங்கே வாங்கலாம்

பயணத்துக்கு முந்தின வாரமே சிங்கப்பூரின் முஸ்தபா கடைக்குப் போய், பட்டியல் போட்டு வாங்கி, எடை பார்த்து, அட்டைப்பெட்டிக்கு டேப் சுற்றிப் பெயரும் எழுதி வைத்துவிடுகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. ஓவர்டைம் முடிந்து நேரே விமான நிலையத்துக்கு வருகிறவர்கள், மூன்று நாள் மீட்டிங்குக்கு வந்து ஓட்டலையும் ஆபீசையும் தவிர வேறெதையும் பார்க்காதவர்கள், ஊரிலிருந்து திடீர்ச் செய்தி வந்து கிடைத்த டிக்கெட்டில் கிளம்புகிறவர்கள், இவர்களுக்காக எழுதுவது. சிங்கப்பூரிலிருந்து வருகிற ஆள் வெறுங்கையோடு வாசலில் நிற்க முடியாது. மிச்சமிருப்பது இரண்டு மணி நேரம். அது போதும்.

சாங்கியில் எதை வாங்குவது என்பது இரண்டாவது கேள்விதான். உங்கள் பெரிய பெட்டி இன்னும் கையில் இருக்கிறதா, பெல்ட்டில் போய்விட்டதா என்பதே முதல் கேள்வி. ஜாம் வாங்கலாமா, வரி உண்டா, எடை தாங்குமா என்று பின்னால் வரும் குழப்பங்களில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

ரயிலிலேயே பட்டியல் போடுங்கள்

எம்ஆர்டி ரயிலிலோ டாக்சியிலோ உட்கார்ந்ததும் போனை எடுத்து, யார் யாருக்கு என்று எழுதுங்கள். என்ன பொருள் என்பதை எழுத வேண்டாம், ஆட்களை மட்டும் எழுதுங்கள். பொருளிலிருந்து தொடங்கினால் கடையில் பளபளவென்று அடுக்கியிருப்பதையெல்லாம் அள்ளிக்கொண்டு போய், கடைசியில் சின்ன அத்தைக்கு மட்டும் ஒன்றும் இல்லாமல் நிற்பீர்கள்.

ஆட்களை எழுதும்போது வீட்டுக்கு ஒன்று என்று கணக்கு வையுங்கள். பெரியப்பா வீட்டுக்கு ஒரு டின், மாமா வீட்டுக்கு ஒரு டின், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு மட்டும் ஆளுக்கு ஒன்று வேண்டும். அதுவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றால் ஒரே பொருள், ஒரே அளவு. ஒருவனுக்குச் சிவப்பு, மற்றவனுக்கு நீலம் என்று நிறம் மாற்றி வாங்கினால்கூடச் சண்டை நிச்சயம். இதற்கு மேல், பெயர் போடாத பொட்டலம் இரண்டு மூன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் வந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டு எதிர்பாராமல் வருகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

அடுத்ததாக, ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு சொல் குறித்துக்கொள்ளுங்கள்: சைவம், சர்க்கரை, ஹலால், குழந்தை. கடையில் நின்று யோசிக்கும் நேரம் இதனால் மிச்சமாகும். சர்க்கரை நோய்க்காரருக்கு ஒரு கிலோ சாக்லேட் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, “நீங்க சாப்பிடாதீங்க, பிள்ளைங்களுக்குக் கொடுங்க” என்று சொல்வது என்ன மரியாதை?

பெட்டி கையில் இருக்கும்போது

குடிநுழைவை (இமிகிரேஷன்) தாண்டுவதற்கு முன் இருக்கிற பகுதி பொதுப் பகுதி. வழியனுப்ப வந்தவர்களும் இங்கே உங்களோடு சுற்றலாம். 2019இல் திறந்த ஜுவல் வணிக வளாகம் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. முதல் முனையத்தோடு ஒட்டியது. இரண்டாம், மூன்றாம் முனையங்களிலிருந்து மேல்பாலம் வழியாக நடந்தே வரலாம். நான்காம் முனையத்திலிருந்து என்றால் பஸ் பிடிக்க வேண்டும். நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் அந்த அருவியை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதன் முன்னால் போட்டோ எடுப்பதில் அரை மணி நேரம் எப்படிப் போனது என்றே தெரியாது.

பொதுப் பகுதியில் எனக்குப் பிடித்த இடம் ஜுவல் இல்லை. மூன்றாம் முனையத்தின் அடித்தளத்தில் இருக்கும் ஃபேர்பிரைஸ் சூப்பர் மார்க்கெட். நினைவுப் பரிசுக் கடைக்குரிய ஜோடனை எதுவும் கிடையாது. சிங்கப்பூர்க்காரர்கள் வீட்டுக்கு வாங்குகிற அதே அலமாரிகள்தான். காயா ஜாம் (தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்தது), கோப்பிப் பொட்டலங்கள், மைலோ, லக்சா என்ற நூடுல்ஸ் குழம்புக்கான விழுது, பிஸ்கட் எல்லாம் கிடைக்கும். சிங்கத் தலையும் மீன் உடலுமான மெர்லயன் படம் போட்ட டின்னில் அடைத்து விற்கிற பிஸ்கட்டைவிட, இங்கே தினசரி ஓடுகிற சரக்கு நன்றாகவும் இருக்கும், பையையும் கடிக்காது.

இங்கே வாங்கியே ஆக வேண்டியவை திரவமும் கூழும். காயா ஜாம் விமானப் பாதுகாப்புக் கணக்கில் திரவத்தோடுதான் சேரும். லக்சா விழுது, சம்பல் மிளகாய்ச் சட்னி, தேன் எல்லாம் அப்படியே. 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனால் சோதனையில் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். பெரிய பெட்டிக்குள் போய்விட்டால் கவலையில்லை. கண்ணாடி பாட்டிலை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, கைலிக்குள் சுருட்டிப் பெட்டியின் நடுவில் வையுங்கள். ஓரத்தில் வைத்தால் திருச்சியில் பெட்டியைத் திறக்கும்போது துணியெல்லாம் தேங்காய்ப்பால் வாசம் அடிக்கும்.

கோடாலித் தைலம் இதற்கு விதிவிலக்கு. தமிழ்நாட்டில் சிங்கப்பூர் என்றாலே பாட்டிமார்கள் கேட்பது இதைத்தான். பாட்டில்கள் எல்லாமே சின்னவை, 100 மில்லிக்கு உள்ளேதான் வரும். ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள, மூடித் திறக்கக்கூடிய, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பையில் அடங்குகிறவரை கைப்பையிலேயே கொண்டுபோகலாம். மருந்துக் கடையில் கேளுங்கள். பரிசுக் கடையில் இதைத் தேடாதீர்கள். டைகர் பாம் டப்பாக்களும் அங்கேயே இருக்கும். பத்துப் பேருக்குக் கொடுக்க வேண்டும், கையில் பணமும் நேரமும் குறைவு என்றால் என் ஓட்டு தைலத்துக்கே. கெட்டுப்போகாது, உருகாது, சைவ அசைவப் பிரச்சினை இல்லை, வாங்கிக்கொள்கிறவர் அன்றைக்கே நெற்றியில் தேய்த்துக்கொள்வார்.

பெட்டியை ஒப்படைக்கும் முன் வரி விஷயம். சிங்கப்பூரில் ஜிஎஸ்டி 2024 ஜனவரி முதல் 9 சதவீதம். சுற்றுலாப் பயணியாக வந்தவர்கள் சிங்கப்பூருக்குள் வாங்கிய பொருளுக்கு இந்த வரியைத் திரும்பப் பெறலாம். ஒரே கடையில் 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) குறையாமல் வாங்கியிருக்க வேண்டும், வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டியிருக்க வேண்டும். அந்தப் பொருள் பெரிய பெட்டிக்குள் போகிறது என்றால், ஒப்படைப்பதற்கு முன்பே பொதுப் பகுதியில் இருக்கும் தானியங்கி இயந்திரத்தில் பதிவு செய்யுங்கள். பொருளைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டியிருக்கும்; பெல்ட்டில் போன பெட்டியை எப்படிக் காட்டுவது? கைப்பையில் போகும் பொருள் என்றால் உள்ளே போன பிறகும் செய்யலாம்.

வொர்க் பர்மிட், எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் திரும்பல் கிடையாது. நிரந்தரவாசிகளுக்கும் கிடையாது. பலருக்கு இது இயந்திரத்தின் முன் வரிசையில் நின்ற பிறகுதான் தெரியவருகிறது. நீங்கள் அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்றால் அந்த வரிசையை விட்டுவிட்டு உள்ளே போங்கள். குடிநுழைவுக்கு அப்பால் உள்ள கடைகளில் விமானம் ஏறும் யாருக்கும் ஜிஎஸ்டி இல்லை. எந்த பாஸ் என்று யாரும் கேட்கப் போவதில்லை. விலை கூடின பொருளை உள்ளே வாங்குவதற்கு இதுவே முதல் காரணம்.

பெட்டி போன பிறகு

குடிநுழைவு தானியங்கி வழியாகச் சீக்கிரமே முடிந்துவிடும். முடிந்ததும் கடைக்குள் நுழைவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள்: விமானம் ஏறும் கதவின் (கேட்) எண், அது மூடும் நேரம். விமானம் புறப்படும் நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். முதல் மூன்று முனையங்களின் உள்பகுதி ஒன்றோடொன்று இணைந்தது. நடந்தோ, முனையங்களுக்கு இடையே ஓடும் ஸ்கைட்ரெயினிலோ போய் வரலாம். உங்கள் முனையத்தில் இல்லாத கடைக்குப் பக்கத்து முனையத்துக்குப் போவதில் தவறில்லை, ஆனால் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்கு இருபது நிமிடம் ஆகிவிடும்.

இன்னொன்று, முதல் மூன்று முனையங்களில் பாதுகாப்புச் சோதனை ஒவ்வொரு கதவிலும் தனித்தனியாக நடக்கிறது. அதைத் தாண்டி உட்கார்ந்துவிட்டால் அங்கே கடை கிடையாது. “உள்ளே போய் உட்கார்ந்துவிட்டு அப்புறம் வந்து வாங்கிக்கலாம்” என்ற திட்டம் இங்கே நடக்காது. நான்காம் முனையம் மட்டும் வேறு மாதிரி. குடிநுழைவை ஒட்டி எல்லாருக்கும் ஒரே இடத்தில் சோதனை, அதன் பிறகுதான் கடைகள்.

உள்ளே உண்மையிலேயே லாபமான சரக்கு மது. காரணம் ஜிஎஸ்டி மட்டுமில்லை. சிங்கப்பூரில் விஸ்கி, ஒயின் போன்ற மதுவுக்கான தீர்வை, அதில் உள்ள ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 88 வெள்ளி. 40 சதவீத விஸ்கி ஒரு லிட்டர் பாட்டிலில் 400 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. அப்படியானால் தீர்வை மட்டும் 35 வெள்ளிக்கு மேல். சிங்கப்பூர்க் கடைத்தெருவில் அது விலையோடு சேர்ந்து வருகிறது, இங்கே வருவதில்லை. மாமாவோ மச்சானோ கேட்டிருந்தால் அந்தக் கடைத்தெருவில் வாங்கிச் சுமந்து வராதீர்கள். இந்தியாவுக்குள் ஆளுக்கு 2 லிட்டர் வரைதான் தீர்வை இல்லாமல் அனுமதி. ஒயினும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

வாசனைத் திரவியத்திலும் ஓரளவு மிச்சமாகும். சாக்லேட்டில்தான் பலர் ஏமாறுவது. ‘டியூட்டி ஃப்ரீ’ என்ற பலகையைப் பார்த்ததும் மலிவு என்று நினைத்துவிடுகிறோம். சாக்லேட்டுக்குத் தனித் தீர்வை இல்லாத ஊரில் நீங்கள் மிச்சம் பிடிப்பது ஜிஎஸ்டியை மட்டுமே, அதைக் கடை வாடகை சாப்பிட்டுவிடும். மூன்று வாங்கினால் சலுகை என்று போட்டிருந்தால் மட்டும் நின்று பாருங்கள். அப்போதும் பெட்டியின் அளவைப் பார்க்காதீர்கள், அடியில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும் நிகர எடையைப் பாருங்கள். விமான நிலையத்துக்கென்றே செய்த நீளப் பெட்டிகளில் உருண்டைகள் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் உட்கார்ந்திருக்கும்.

லேபிளை வாசிப்பதற்கு இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். இந்தியாவில் போடுவதுபோல் பச்சைப் புள்ளி, சிவப்புப் புள்ளி இங்கே இருக்காது. ஜெல்லி, மார்ஷ்மெல்லோ வகைகளில் ஜெலட்டின் இருக்கும்; பெரும்பாலும் அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுத்தது. காயாவில் முட்டை உண்டு, பாண்டான் இலை போட்ட கேக்கிலும் அன்னாசி டார்ட்டிலும் உண்டு. லக்சா விழுதில் உலர்ந்த இறால். உப்பு முட்டைச் சிப்ஸ் என்று மஞ்சள் பாக்கெட்டில் விற்பதில் பாதி உருளைக்கிழங்கு, பாதி மீன் தோல். பாக்கெட் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். சில சாக்லேட்டுகளுக்குள் ரம்மோ பிராந்தியோ ஊற்றியிருப்பார்கள். பெட்டியின் முன்புறம் செர்ரிப் பழம்தான் தெரியும், பின்புறம் திருப்பினால்தான் விஷயம் புரியும். இஸ்லாமிய நண்பர்கள் வீட்டுக்கு என்றால் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் அமைப்பின் ஹலால் முத்திரை இருக்கிறதா பாருங்கள், விற்பனையாளரின் தலையாட்டலை நம்ப வேண்டாம். பாக்வா என்று சதுரம் சதுரமாக, பார்ப்பதற்கு மிட்டாய்போல் மின்னுகிற பண்டம் தேன் தடவி வாட்டிய பன்றி இறைச்சி. ருசித்துப் பார்ப்பது உங்கள் விருப்பம். ஊருக்குக் கொண்டுபோக வேண்டாம், இறைச்சிப் பண்டங்களுக்கு இந்தியாவில் கட்டுப்பாடு உண்டு.

இதெல்லாம் தலைவலி என்கிறவர்களுக்குக் கடலை, முந்திரி, பாதாம் பாக்கெட்டுகள். சிங்கப்பூர்க் கேமல் கம்பெனிச் சரக்கு நன்றாக இருக்கும். சைவக்காரருக்கும் சர்க்கரைக்காரருக்கும் ஆகும், வெயிலுக்கு உருகாது. தேன் பூசியதை விட்டு வெறும் உப்பு போட்டதாகப் பார்த்து எடுங்கள். தேயிலை டின்னும் அப்படித்தான்: எடை இல்லை, பார்க்கப் பகட்டாக இருக்கும், தீர்ந்த பிறகு ஊசி நூல் போட்டுவைக்க டின் மிஞ்சும்.

கேக் வாங்க ஆசைப்பட்டால் பெங்காவான் சோலோ பேக்கரியின் பாண்டான் கேக்கை எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். பச்சை நிறம், பஞ்சு மாதிரி இருக்கும். ஆனால் பெட்டி பெரிது, மேலே எதையும் வைக்க முடியாது, சீக்கிரம் சாப்பிட்டுவிட வேண்டும். இறங்கி நேரே ஒரே வீட்டுக்குப் போகிறவர்களுக்குச் சரி. நாலு ஊர் சுற்றிவிட்டுப் போகிறவர்கள் அன்னாசி டார்ட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். அதிலும் டப்பாவில் உள்ள தேதியைப் பார்த்து.

யாராவது பெரியவருக்கு, ஆசிரியருக்கு, முதலாளிக்கு என்று ஒரே ஒரு கௌரவமான பரிசு வேண்டுமா? நிஜ ஆர்க்கிட் பூவில் தங்க முலாம் பூசி ரைசிஸ் நிறுவனம் விற்கிற, உடையில் குத்திக்கொள்ளும் ஊசிகளும் பதக்கங்களும் இருக்கின்றன. சிங்கப்பூரின் தேசிய மலரே ஆர்க்கிட்தான், அதனால் ஊர் அடையாளமும் இருக்கிறது, உள்ளங்கையில் அடங்குகிறது. மெர்லயன் சாவிக்கொத்து, ஃபிரிட்ஜ் காந்தம் இவையெல்லாம் சைனாடவுனிலும் புகிஸ் தெருவிலும் கொத்துக் கொத்தாகக் கிடைப்பவை. இங்கே வாங்கினால் ஒன்றுக்குக் கொடுக்கும் காசில் அங்கே பல வாங்கலாம். ஆபீசில் மேசைக்கு ஒன்று வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் தவிர இதைத் தொடாதீர்கள்.

கல்லாவில்

போர்டிங் பாஸைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கேட்பார்கள். திரவம் எதுவானாலும், மதுவோ வாசனைத் திரவியமோ உள்ளே வாங்கிய ஜாமோ, முத்திரையிட்ட பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். தடித்த கண்ணாடிப் பிளாஸ்டிக் பை அது. பில் வெளியிலிருந்து படிக்கத் தெரிகிற மாதிரி உள்ளேயே இருக்க வேண்டும். கடைசி விமான நிலையத்திலிருந்து வெளியே வருகிறவரை அதைப் பிரிக்கக் கூடாது. கொழும்பு, கோலாலம்பூர் வழியாகப் போகிறவர்களுக்கு இது மிக முக்கியம். அங்கே மறுபடி சோதனை நடக்கும்போது, பிரித்த பையில் இருக்கும் பாட்டிலை விடமாட்டார்கள். சென்னையில் இறங்கி மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ உள்நாட்டு விமானம் மாறுகிறவர்கள், சுங்கத்தைத் தாண்டியதும் பாட்டிலைப் பெரிய பெட்டிக்குள் மாற்றி மறுபடி ஒப்படைத்துவிடுவது நல்லது.

கார்டைத் தட்டும்போது திரையில் ரூபாயா வெள்ளியா என்று கேட்டால் வெள்ளியைத் தொடுங்கள். ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரத்துக்காரர் வைப்பார், கொஞ்சம் அதிகமாகவே வைப்பார். பர்சில் மிஞ்சிய நாணயங்களை இங்கேயே தீர்த்துவிடுங்கள்; ஊரில் காசு மாற்றுகிறவர்கள் நோட்டை வாங்குவார்கள், சில்லறையை வாங்குவதில்லை. பாதியைச் சில்லறையாகவும் மீதியைக் கார்டிலும் கொடுக்கலாமா என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள்.

பில் போடும் முன் பையைத் தூக்கிப் பாருங்கள். கைப்பைக்குப் பல விமானங்களில் 7 கிலோதான். டியூட்டி ஃப்ரீ பை கணக்கில் வருமா வராதா என்பது விமான நிறுவனத்துக்கு விமான நிறுவனம் மாறும். மலிவுக் கட்டண விமானங்களில் கதவருகே தராசு வைத்துக்கொண்டு நிற்பது உண்டு. இரண்டு லிட்டர் விஸ்கி, கண்ணாடியோடு சேர்த்தால் மூன்று கிலோவைத் தாண்டும். அதிகப்படி எடைக்குக் கட்டும் பணத்தில் நீங்கள் மிச்சம் பிடித்த வரியெல்லாம் போய்விடும்.

இறங்கிய பிறகு

தீர்வையில்லாமல் எவ்வளவு மதிப்புக்குக் கொண்டுவரலாம் என்ற வரம்பை அரசு அவ்வப்போது மாற்றும். அதனால் நண்பர் போன வருடம் சொன்ன தொகையை நம்பாமல், கிளம்பும் முன் இந்தியச் சுங்கத் துறையின் தளத்தில் பாருங்கள். சாக்லேட்டும் தைலமும் வாங்கியவர்களுக்கு இதில் கவலையே இல்லை. தட்டைத்திரை டிவி அந்த வரம்புக்குள் வராது, எந்த விலையானாலும் தீர்வை உண்டு. தங்கத்துக்கு விதிகள் தனி. கடைசி நேரத்தில் வாங்குகிற சரக்கு இல்லை அது. பரிசுப் பொருளுக்கும் பில்லை வைத்திருங்கள். விலைச் சீட்டைக் கிழிக்கும் வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

சாக்லேட் பையைக் காரின் டிக்கியில் வைக்காதீர்கள். சாக்லேட் உருகுவது உடம்புச் சூட்டுக்கும் சற்றுக் கீழே. சித்திரை வெயிலில் நிற்கும் காரின் டிக்கி அதைவிட எவ்வளவோ சூடு. மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் இளகிவிட்டால் பிரிக்காமல் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு இரவு வைத்து மறுநாள் கொடுங்கள். மேலே வெள்ளையாகப் பூத்திருக்கும், கொழுப்பு மேலேறியதால் வருவது அது. கெட்டுப்போகவில்லை, சாப்பிடலாம்.

இத்தனைக்கும் பிறகு யாரையாவது விட்டுப்போனது விமானத்தில் ஞாபகம் வந்தால், சென்னையில் வருகைப் பகுதியிலும் டியூட்டி ஃப்ரீ கடை இருக்கிறது. பெல்ட்டில் பெட்டி வரக் காத்திருக்கும் நேரத்தில் போய் வரலாம். சாக்லேட்டும் மதுவும் வாசனைத் திரவியமும் கிடைக்கும். அந்த 2 லிட்டர் வரம்பு இங்கே வாங்குவதையும் சேர்த்துத்தான். கோடாலித் தைலத்தை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.